கருப்பு ஒண்ணும் செய்யாது

1

எங்கள் வீட்டு வாசலில் நின்ற கேரவனை வீடியோவில் காட்டியதும் பாண்டி மச்சான் கேட்ட முதல் கேள்வி, "யாரு மாப்ள உள்ள, ஹீரோயினா?" என்பதுதான்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. காரைக்குடிப் பக்கம் கேரவன் வந்து நின்றால் அது ஷூட்டிங். கானாடுகாத்தானிலோ நாட்டரசன்கோட்டையிலோ ஒரு செட்டியார் வீட்டில் படம் எடுப்பார்கள், தெருமுனையில் ஜெனரேட்டர் கடகடக்கும், அரை ஊர் வேலைவெட்டியை விட்டுவிட்டு அந்த வண்டியின் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கும். கடைசியில் மேக்கப் போடுகிறவர் டீ கிளாஸோடு இறங்குவார்.

"ஹீரோயின் இல்ல மச்சான். ஒங்க மருமகன்" என்றேன்.

பாண்டி மச்சான் என் மனைவி சிவகாமிக்கு அண்ணன். காரைக்குடியில் எலக்ட்ரிக்கல் கடை, கூடவே வயரிங் காண்ட்ராக்ட். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். அவரே வாயை மூடிவிட்டார் என்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"படிச்ச புள்ள. அம்மாம்பெரிய வீடு இருக்கு. வண்டிக்குள்ள என்ன மாப்ள பண்றான்?"

"குடியிருக்கான்."

"குடியா?"

"குடிக்கல மச்சான். குடி இருக்கான். அதுதான் அவனுக்கு வீடு."

"ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல" என்று சொல்லிவிட்டு, கடைக்கு ஆள் வந்துவிட்டதாகப் போனை வைத்தார். எனக்கும் அதற்கு மேல் விளக்கத் தெம்பில்லை.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும்.

சாக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு கிணறும் அதைச் சுற்றிக் கொஞ்சம் வயலும் இருந்தன. கிணற்று மோட்டார் ஓட த்ரீ பேஸ் கரண்டு வேண்டும். அது எப்போது வரும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது. சோற்றில் கை வைத்திருப்பார் அப்பா, பக்கத்து மோட்டார் சத்தம் கேட்கும், கையை உதறிக்கொண்டு ஓடுவார். "கரண்டுக்குக் காவ கெடக்குற பொழப்பு என்னோட போகட்டும்டா" என்பார். போகட்டும் என்றுதான் நானும் கிளம்பினேன். அந்தக் கிணற்றடிக்காக நான் ஏங்குகிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அங்கே எனக்கு மிஞ்சியது கெட்டுப்போன தூக்கம்தான்.

அமெரிக்காவில், மிச்சிகனில், கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. அங்கேயே முடி நரைத்தது. செழியன் இங்கேதான் பிறந்தான். ஒரே பிள்ளை. நண்பர்களுக்கு அவன் 'செஸ்'. கம்ப்யூட்டர் படித்தான், நல்ல வேலையில் சேர்ந்தான், கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்தான். வேறு வேலை தேடுவான் என்று பார்த்தால், கையில் கிடைத்த பணத்தில் இந்தப் பழைய வண்டியை வாங்கினான். அடுப்பு, படுக்கை, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. இங்கே ஆர்.வி. என்பார்கள். இலையுதிர் காலத்தில் வடக்கே போய் சீனி எடுக்கிற பீட்ரூட் அறுவடையில் நிற்கிறான். குளிர் வந்தால் அரிசோனாவில் இப்படி வண்டியோடு வருகிறவர்கள் தங்கும் முகாம் ஒன்றில் காவல் வேலை. வயலை விட்டு ஓடிவந்தவன் நான். என் பிள்ளை அடுத்தவன் வயலில் கிழங்கு அள்ளுகிறான். என்னத்தைச் சொல்ல.

போனது போனதுதான். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினால் கட்டைவிரல் வரும். சிவகாமி, "சாப்டியாப்பா" என்று குரலில் பேசி அனுப்புவாள், மஞ்சள் மூஞ்சி ஒன்று சிரிக்கும். வீட்டுப் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

இந்த நவம்பரில் திடீரென்று அவனே கூப்பிட்டான். வண்டியில் கன்வர்ட்டர் செத்துவிட்டது, ஹீட்டர் ஓடவில்லை, ரிப்பேர் கடைகள் எல்லாம் அடுத்த மாதம் வா என்கின்றன. புதுக் கன்வர்ட்டருக்கு எங்கள் விலாசத்தைக் கொடுத்து ஆர்டர் போட்டுவிட்டான். வந்து மாட்டிக்கொண்டு அரிசோனாவுக்குப் போய்விடுவானாம். "ஜஸ்ட் ரெண்டு நாள்ம்மா."

போனை வைத்ததும் சிவகாமி என் பக்கம் திரும்பினாள். "வந்தா விடக்கூடாதுங்க. இந்தக் குளிர் முடியிற மட்டுமாச்சும் நம்ம கூட இருக்கட்டும். இப்பப் போனான்னா இனி எந்தச் சாக்குல வருவான்?"

எனக்கும் அதுதான் தோன்றியது. ஆனால் முப்பதை நெருங்கும் பிள்ளையை எப்படிக் கட்டிவைப்பது? கயிறு போட்டா?

3

நம் ஊரில் எல்லார் வீட்டிலும் இன்வர்ட்டர் இருக்கிறது. கரண்டு போனால் பேட்டரியில் உள்ளதை வீட்டுக் கரண்டாக மாற்றி ஃபேனைச் சுற்றவிடும். கன்வர்ட்டர் அதற்குத் தலைகீழ். வெளியே இருந்து வருகிற வீட்டுக் கரண்டை வாங்கி, பேட்டரிக் கரண்டாகக் குறைத்து, வண்டியின் விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் ஹீட்டரின் காற்றாடிக்கும் கொடுக்கும். பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றும். அது செத்தால் பின்னாலேயே அந்தப் பேட்டரியும் செத்துவிடும்; என்ஜினுக்கு வேறு பேட்டரி, அதனால் வண்டி மட்டும் ஓடும். கேஸ் சிலிண்டர் நிறைய இருந்தாலும் காற்றாடி சுற்றாமல் ஹீட்டர் எரியாது. மிச்சிகன் குளிரில் ஹீட்டர் இல்லாமல் படுப்பதும் ஐஸ் பெட்டிக்குள் படுப்பதும் ஒன்றுதான்.

இதை மச்சானுக்கு விளக்கினேன்.

"இன்வர்ட்டர்தானே மாப்ள? அஞ்சு நிமிச வேல."

"இன்வர்ட்டர் இல்ல மச்சான், கன்வர்ட்டர்."

"ரெண்டுலயும் வர்ட்டர் இருக்குல்ல? விடுங்க."

செழியன் வந்தான். தாடி வளர்ந்திருந்தது, கை காய்த்திருந்தது. அம்மாவைக் கட்டிக்கொண்டான், என்னிடம் "ஹாய்ப்பா" என்றான். சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்ததும் வாசலுக்குப் போய், நம் வீட்டிலிருந்து ஒரு நீள வயரை இழுத்து வண்டியில் செருகி, நேராக வீட்டுக் கரண்டில் ஓடுகிற சின்ன மின்ஹீட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு உள்ளே படுத்துவிட்டான். அவனுடைய அறையில் சிவகாமி புது விரிப்புப் போட்டு வைத்திருந்தாள்.

"விருந்தாளிகூட உள்ள தங்கிட்டுப் போவான். இவன் வாசல்ல படுக்குறான்" என்று சமையலறை ஜன்னலிலேயே நின்றாள்.

வாசலில் படுப்பதற்கும் இந்த ஊரில் தடை உண்டு. எங்கள் குடியிருப்புக்கு ஒரு சங்கம் இருக்கிறது. புல் எவ்வளவு வளரலாம், குப்பைத்தொட்டி எங்கே நிற்கலாம், கதவுக்கு என்ன நிறம் அடிக்கலாம், எல்லாம் அவர்கள் சொல்வதுதான். வண்டி வந்த மறுநாளே மின்னஞ்சல் வந்துவிட்டது: இப்படிப்பட்ட வாகனத்தை வாசலில் நிறுத்துவது விதிகளுக்குப் புறம்பானது. சொந்த வீட்டு வாசலில் சொந்தப் பிள்ளை நிற்பதற்கு அனுமதி வாங்க வேண்டும்! பதில் எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன்.

4

சனிக்கிழமை காலை புதுக் கன்வர்ட்டர் வந்தது. அப்பனும் மகனும் வண்டிக்குள் மண்டியிட்டு, சாப்பாட்டு மேசைக்குக் கீழே இருந்த பழையதைக் கழற்றினோம். பலகையைத் திறந்து, பேட்டரியை விலக்கி, வெளி வயரைப் பிடுங்கி எல்லாம் முறைப்படிதான். அதிகம் பேச்சில்லை. அவன் கேட்கிற சாமானை நான் எடுத்துக் கொடுத்தேன். அதுவே எனக்கு நன்றாக இருந்தது.

பாதியில் வயர் இணைக்கும் மூடிகள் போதவில்லை. "கடைக்குப் போய்ட்டு வாரேன். ஐ டுக் போட்டோஸ். டோன்ட் டச் எனிதிங்ப்பா" என்று சொல்லிவிட்டு என் காரை எடுத்துக்கொண்டு போனான்.

ஆயுள் முழுக்க அடுத்தவன் வேலையில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன் நான். என்னைப் பார்த்துத் தொடாதே என்கிறான்! அவன் திரும்பி வரும்போது உள்ளே விளக்கு எரிய வேண்டும், "அட, அப்பா!" என்று அவன் சொல்ல வேண்டும் என்று ஓர் ஆசை வந்துவிட்டது. ஆசை யாரை விட்டது?

வீட்டுக் கரண்டு வருகிற பக்கம் கருப்பு, வெள்ளை, பச்சை. அதில் எனக்குக் குழப்பமில்லை. நம் ஊரில் சிவப்பில் கரண்டு வரும், கருப்பு நியூட்ரல். இங்கே கருப்பில்தான் கரண்டு வரும், வெள்ளைதான் நியூட்ரல். இதை நான் அடி வாங்கித்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் கல்யாணத்துக்கு முதல் நாள் பந்தலில் சீரியல் பல்பு எரியவில்லை. பெண்ணுக்கு அண்ணன் என்ற மிதப்பில் பாண்டி மச்சான் ஏணியில் ஏறி, சொந்தபந்தம் பார்க்க, கருப்பு வயரை வெறுங்கையால் பிடித்துக் காட்டினார். "கருப்பு ஒண்ணும் செய்யாது மாப்ள!" கீழே நின்ற ஒரு பெரியவர், "நம்ம கருப்பரு பேர வச்சிருக்குல்ல, காவல்தேன் இருக்கும்" என்றார். பந்தலே சிரித்தது. அந்த நினைப்பில், அமெரிக்கா வந்த புதிதில் வாடகை வீட்டில் ஒரு சுவிட்சை மாற்றப் போய்க் கருப்பைத் தொட்டேன். இந்த நாடு எனக்குக் கொடுத்த முதல் அடி அதுதான். முழங்கை வரை அதிர்ந்தது.

ஆகவே அந்தப் பக்கத்தைச் சரியாகவே மாட்டினேன். பேட்டரிப் பக்கம்தான் இடித்தது. அங்கேயும் ஒரு கருப்பு, ஒரு வெள்ளை. சிவப்பே இல்லை. கன்வர்ட்டரில் ப்ளஸ், மைனஸ் என்று போட்டிருக்கிறது. எது எதில்? ஊரில் அப்போது கடை சாத்தும் நேரம். வீடியோவில் மச்சானைப் பிடித்தேன்.

"செவப்பு இல்லையா? செவப்பு இல்லாம என்னத்த மாப்ள வயரிங்கு? போன அங்குட்டுத் திருப்புங்க. ம்ம்... இங்குட்டுக் கொஞ்சம். அட, கருப்பு எப்பவும் திரும்பிப் போற வயரு மாப்ள. மைனஸ்ல போடுங்க. கருப்பு ஒண்ணும் செய்யாது."

எனக்கும் கணக்கு ஒத்துவந்தது. வீட்டுக்கு என்றால் கருப்பில் கரண்டு. காருக்கு என்றால் கருப்பு மைனஸ். ஆயிரம் கார்களில் பார்த்திருக்கிறேன். இது வீடா, காரா? சக்கரம் இருக்கிறது, நம்பர் பிளேட் இருக்கிறது. வண்டிதான். கருப்பை மைனஸில் முடுக்கினேன். வெளி வயரைச் செருகிவிட்டு, பேட்டரியை இணைத்தேன்.

'பட்' என்றது. பொறி பறந்தது. கருகின நாற்றம்.

"என்ன மாப்ள சத்தம்?" என்றது போன்.

"ஒங்க கருப்புதான் மச்சான்" என்றேன்.

செழியன் வந்தான். நாற்றத்தை மோந்தான். மேசைக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, தன் போனில் இருந்த படத்தைக் காட்டினான். பழையதில் கருப்புதான் ப்ளஸில் இருந்தது.

"அப்பா, இது கார் இல்ல."

"பின்ன?"

"வீடு. உள்ள இருக்கிறது எல்லாம் வீட்டுக் கலர்."

இந்த வண்டிகளைக் கட்டுகிறவர்கள் பேட்டரிக் கரண்டுக்கும் கருப்பை ப்ளஸாகவே இழுத்துவிடுவார்களாம். அவன் ஃபியூஸை மாற்றிப் பார்த்தான். உயிர் வரவில்லை. ஃபியூஸோடு உள்ளேயும் ஏதோ போய்விட்டது. வேறு வாங்கித்தான் ஆக வேண்டும்.

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். "இட்ஸ் ஓகேப்பா" என்று முதுகில் தட்டினான். பலகை திறந்தபடி தொங்கியதால் வண்டிக்குள் எந்தக் கரண்டும் கிடையாது, சின்ன ஹீட்டரும் ஓடாது. அன்று பொழுது சாய்கையில் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தான்.

5

அடுத்த கன்வர்ட்டர் வழியில் எங்கேயோ பனிப்புயலில் மாட்டிக்கொண்டது. இன்று வரும், நாளை வரும் என்று தள்ளிக்கொண்டே போனது. தள்ளத் தள்ள சிவகாமிக்கு முகம் மலர்ந்தது.

அவன் காலையில் எழுந்து, கலைந்த தலையோடு வந்து காபி கேட்டான். சொட்டிக்கொண்டே இருந்த குழாயைச் சரிசெய்தான். அம்மா பணியாரம் ஊற்ற ஊற்ற அடுப்பு மேடையிலேயே உட்கார்ந்து தின்றான். வேலை விட்டு நான் வரும்போது வீட்டுக்குள் இரண்டு குரல் கேட்கும். காரை நிறுத்திவிட்டு அதைக் கேட்பதற்காகவே வாசலில் கொஞ்சம் நிற்பேன். வண்டியின் கூரையில் பனி ஏறிக்கொண்டிருக்கும்.

சங்கத்தின் இரண்டாவது மின்னஞ்சல் வந்தது, இது எச்சரிக்கை. உடனே பதில் எழுதினேன். மகனின் வண்டி ரிப்பேரில் இருக்கிறது, தயவுசெய்து அவகாசம் தாருங்கள் என்பதுதான் விஷயம். அவசரத்தில் வண்டி என்ற சொல்லை விட்டுவிட்டேன். 'மை சன் இஸ் அண்டர் ரிப்பேர்' என்று போய்விட்டது. சங்கத் தலைவி அன்றே பதில் போட்டாள். உங்கள் மகனைப் பற்றிக் கேள்விப்பட்டு மிகவும் வருந்துகிறோம், அவன் தேறும் வரை வண்டி நிற்கலாம், உங்கள் குடும்பத்துக்காகப் பிரார்த்திக்கிறோம். செழியன் அதைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வெகு காலத்துக்குப் பிறகு அவன் என்னால் சிரித்தான். பிழைக்கும் ஒரு பலன் இருக்கிறது.

அம்மாவிடம் அவனுக்குத் தமிழ் வரும். அதுவும் காரைக்குடித் தமிழ். வாரீக, போறீக என்று அவள் வாயிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டது. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில், "டீச்சர், எப்ப வாரீக?" என்று கேட்டுவிட்டான். பிள்ளைகள் சிரித்தன. வருகிறீர்கள் என்று சொல்லவேண்டும் என்று டீச்சர் பலகையில் எழுதிக் காட்டினார். அன்றிலிருந்து வகுப்புக்கு வரமாட்டேன் என்று அடம். என்னிடம் பெரும்பாலும் இங்கிலீஷ்தான், இல்லையென்றால் இரண்டொரு சொல்லில் முடிக்கிற தமிழ். நான் பிழை பார்க்கிற ஆள். பழத்தைப் பளம் என்றால் என்னால் சும்மா இருக்க முடியாது. வாயைத் திறந்தாலே திருத்தம் வருகிறதென்றால் எந்தப் பிள்ளை திறக்கும்?

6

ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சிவகாமி மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, வேணும்னே செஞ்சீகளா?"

"எத?"

"அந்தக் கருப்பு வயர."

அவள் என்னை அப்படிப் பார்த்து ரொம்ப நாளாகிறது. ஏதோ காப்பு வாங்கி ஒளித்து வைத்திருக்கிறேன் என்பது போல ஒரு பார்வை. ஆமாம் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆனால் பழக்கம் விடவில்லை.

"இல்ல. தெரியாமத்தான்."

"ம்" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தாள். முகம் வாடிவிட்டது.

மச்சானுக்கு அந்தச் சந்தேகம்கூட இல்லை. "கெட்டிக்காரரு மாப்ள நீங்க! புள்ளய வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டீகள்ல. நான்கூட வெள்ளந்தின்னு நெனச்சேன்."

"நீங்க சொன்னீக, நான் மாட்டுனேன் மச்சான். வேணும்னு ஒண்ணும் செய்யல."

"நான் மட்டும் தெரியாமயா சொன்னேன்? எல்லாம் வேணும்னேதேன். தங்கச்சி படுற பாடு எனக்குத் தெரியாதா?"

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். மச்சானுக்கு மீசை ரொம்பப் பெரிது. செய்யாத தந்திரத்துக்குப் பாராட்டுகிறார், செய்த முட்டாள்தனத்தைச் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார். அலுத்துப்போய் விட்டுவிட்டேன். செழியன் மட்டும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

7

அரிசி எடுக்க மாடிப்படிக்கு அடியில் குனிந்தபோது மூட்டைக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது, கன்வர்ட்டர் கம்பெனியின் பெயரோடு. மேலே ஒரு பழைய போர்வை.

"இது எப்ப வந்துச்சு?"

சிவகாமி அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "எது?"

"கொரியர்காரன் அரிசி மூட்டைக்குப் பின்னாடியா வச்சுட்டுப் போனான்?"

அவள் கரண்டியை வைத்தாள். "நேத்து வந்துச்சு. ரெண்டு நாள் போகட்டும்னு வச்சேன். தப்பா? குளிரு கொறையட்டுமேங்க. ரோடெல்லாம் பனியாக் கெடக்கு. எங்கிட்டாச்சும் வழுக்கி விழுந்து, நாம போன் வருமா வருமான்னு..." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அந்தப் போர்வையைத் திரும்ப மூடிவிட்டு அரிசியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் இன்னும் இரண்டு நாள், தள்ளினால் ஒரு வாரம் கிடைக்கும். அதற்குப் பிறகு? பிள்ளையை இருக்கச் சொல்லித் தடுத்ததாகாது, அவன் பொருளைத் திருடி வைத்துக்கொண்டதாகும்.

"அவன் சாமான் சிவகாமி" என்றேன். அவள் மறுபடி கரண்டியை எடுத்தாள். பொரியல் வேறு, குழம்பு வேறு என்று தெரியாதவள் மாதிரி இரண்டையும் ஒரே கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் அறைக்குப் போனேன். கட்டிலில் படுத்துப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்திருச்சுப்பா."

"தெரியும்" என்றான். "எஸ்டர்டே டெலிவர்டுன்னு மெசேஜ் வந்துச்சு."

பிறகு ஏன் கேட்கவில்லை என்று நான் கேட்கவில்லை. எழுந்து ஜாக்கெட்டை மாட்டினான். மத்தியான வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. வண்டியின் கதவில் உறைந்திருந்ததைத் தட்டிவிட்டு உள்ளே போனோம்.

இந்த முறை அவன் மாட்டினான், நான் டார்ச் பிடித்தேன். அவன் விரல்கள் வேகமாக வேலை செய்தன. வீட்டுக் கரண்டுப் பக்கம் முடிந்தது. வெள்ளை வயர் மைனஸில் ஏறியது. கடைசியில் அந்தக் கருப்பு. அதன் நுனிக்குக் கொஞ்சம் கீழே சிவப்பு டேப்பைச் சுற்ற ஆரம்பித்தான். அடுத்தவன் எவனாவது தப்பாக மாட்டிவிடக் கூடாது என்றுதான். அந்த அடுத்தவன் நான்தான் என்பதைச் சொல்லாமல் சிரித்தான்.

பிறகு சிரிப்பு நின்றது. டேப்பைப் பார்த்துக்கொண்டே, எனக்காக ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துத் தமிழில் கேட்டான்.

"அப்பா, அன்னைக்கு நீங்க... நான் வேணும்னு செஞ்சீகளா?"

அவன் கேட்க வந்தது எனக்குப் புரிந்தது. வேணும்னே செஞ்சீகளா என்பதைத்தான். அம்மாவின் 'செஞ்சீக' சுத்தமாக வந்துவிட்டது. தன்னை எந்த இடத்தில் வைப்பது என்று தெரியாமல் முன்னால் ஒரு 'நான்' போட்டுவிட்டான். அதில் நான் வராதுப்பா என்று திருத்த என் நாக்கு எழுந்துவிட்டது. இல்லை என்றும் சொல்லியிருக்க வேண்டும். அவன் அம்மாவிடம் இல்லை என்றேன், மாமாவிடம் இல்லை என்றேன், அதுதான் உண்மையும்.

"ஆமாப்பா" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். டேப்பை இன்னொரு சுற்றுச் சுற்றி அழுத்தினான். மூக்கை உறிஞ்சிக்கொண்டான், குளிராகவும் இருக்கலாம். பிறகு கருப்பு வயரை ப்ளஸில் செருகிப் பிடித்துக்கொண்டு, திருப்புளியை என் பக்கம் நீட்டினான்.

"இத நீங்க டைட் பண்ணுங்க."

டார்ச்சை அவனிடம் கொடுத்துவிட்டு வாங்கினேன். மண்டியிட்டு முடுக்கினேன். இழுத்துப் பார்த்தேன். ஆடுகிற மாதிரி இருந்தது, இன்னொரு திருகு திருகினேன். அரிசோனா போய்ச் சேரும்வரை கழன்றுவிடாதபடி முடுக்கினேன்.